குங்குமம் வைத்த வார்த்தை

ஆவடி ஸ்டேஷனை ஒட்டிய கடைகள் முடிந்து, பூந்தமல்லிக்குப் போகும் சாலை புளியமரங்களுக்கு அடியில் நுழைகிற இடத்தில்தான் எனக்குப் பசி தெரிந்தது. அம்பத்தூரிலிருந்து நடந்தே வந்திருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு சீப்பு. பூந்தமல்லி போய்விட்டால் பெங்களூர்ப் பக்கம் போகிற லாரிகள் டீக்கடையோரம் நிற்கும். கிளீனர் இல்லாத லாரியாகப் பார்த்து ஏறிக்கொள்ளலாம். அவ்வளவுதான் திட்டம்.

இடங்களை விட்டுக் கிளம்புவது எனக்குப் புதிதில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு விடுதியை விட்டுக் கிளம்பினேன். அங்கே சோறு போதவில்லை. அப்புறம் ஓட்டல், அரிசி ஆலை, டூரிங் சினிமாக் கொட்டகை, மறுபடியும் ஓட்டல். எந்த இடத்தையும் சண்டை போட்டுக்கொண்டு விட்டதில்லை. ஒருநாள் காலையில் எழுந்தால் இந்த இடம் போதும் என்று இருக்கும். பையை எடுத்துக்கொள்வேன். அன்றைக்கு மட்டும் அப்படியில்லை. ஓர் ஆங்கில வார்த்தையின் காரணமாகக் கிளம்பியிருந்தேன். இதைச் சொன்னால் இப்போதும் சிரிக்கிறார்கள்.

அறுபதுகளின் நடுவில், அம்பத்தூரில் வயல்களை மேடாக்கிப் புதிது புதிதாக ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. மாஸ்டர் ஏதோ அரசாங்க ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் அங்கே கூட்டுவேன், மெஷினுக்கு எண்ணெய் போடுவேன், ரிப்பன் மாற்றுவேன், ராத்திரி பெஞ்சில் படுத்துக்கொள்வேன். விடிவதற்கு முன் எழுந்தால் மெஷின்கள் எல்லாம் சும்மாதான் கிடக்கும். ஒருநாள் உட்கார்ந்தேன். அப்படித்தான் தட்டப் பழகினேன்.

வேகம் பழகுவதற்கென்று அங்கே ஒரு பழைய புத்தகம் இருந்தது. அட்டை போய், ஓரமெல்லாம் விரல் பட்டுக் கறுத்தது. இங்கிலீஷ்காரன் காலத்து வியாபாரக் கடிதங்கள், யாரோ துரை இறந்ததற்கு எழுதிய இரங்கல் செய்திகள், கம்பெனித் தலைவரின் ஆண்டு உரைகள். அதில் வரும் வார்த்தைகளை ஊரில் எவரும் பேசி நான் கேட்டதில்லை. நாட்வித்ஸ்டாண்டிங். பெருஸல். வெரிசிமிலிட்யூட். அர்த்தம் தெரியாமலே முதலில் விரல்கள் கற்றுக்கொண்டன. ஒரு தெருவின் பெயர் தெரியாமல் அந்தத் தெருவில் தினமும் நடக்கலாம் இல்லையா, அந்த மாதிரி. இன்டிஃபாட்டிகபிள் என்று ஒன்று. அது வலக்கையில் தொடங்கும், உடனே இடக்கைக்குப் போய்விடும், பாதிக்கு மேல் இடக்கைதான் உழைக்க வேண்டும். சுண்டுவிரலுக்கு இரண்டு தடவை வேலை வரும். அதைத் தவறில்லாமல் தட்டுவதற்கு எனக்கு வெகுநாள் பிடித்தது. தட்டி முடித்தபின் மாஸ்டரின் டிக்‌ஷனரியில் அர்த்தம் பார்த்தேன். சோர்வே அறியாத, எவ்வளவு உழைத்தாலும் ஓயாத என்று போட்டிருந்தது. துரைகளுக்குத்தான் அந்த வார்த்தை பொருந்தும் போல என்று நினைத்துக்கொண்டேன். புத்தகத்தில் அது ஒரு செத்துப்போன துரைக்குத்தான் வந்திருந்தது.

வார்த்தைகள் மேல் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் சுலபம். அவை கனக்காது. ஓர் இடத்தை விட்டுப் போகும்போது எவனும் பையைச் சோதித்து எடுத்துக்கொள்ள முடியாது. மாஸ்டர் திட்டும்போது மனசுக்குள் வெரிசிமிலிட்யூட் என்று சொல்லிக்கொள்வேன். அது அவரைத் திட்டுவதாக எனக்கு ஒரு திருப்தி. பேச்சில் சும்மா எடுத்து விடுவதும் உண்டு. ஒரு முறை சில்லறை தராத பஸ் கண்டக்டரிடம் நாட்வித்ஸ்டாண்டிங் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த ஸ்கூல் சார்" என்று கேட்டுச் சில்லறையைக் கொடுத்தார். அந்த ஒரு நாள் போதும், எந்தப் பைத்தியமும் முற்றுவதற்கு.

ஆலைகளில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் இன்ஸ்டிடியூட்டுக்கு டைப் பழக வருபவர்களைவிட அப்ளிகேஷன் அடித்துக்கொள்ள வருபவர்கள் அதிகமானார்கள். மாஸ்டர் எல்லாருக்கும் இங்கிலீஷில் ஒரே மாதிரிதான் அடிக்கச் சொல்வார். தங்கள் மேலான கட்டுப்பாட்டின் கீழ் ஓர் இடம் காலியாக இருப்பதாக அறிந்து பணிவுடன் விண்ணப்பிக்கிறேன், நான் கடுமையாக உழைப்பவன், ஒரு வாய்ப்புத் தந்தால் மேலதிகாரிகள் திருப்தியடையும்படி நடந்துகொள்வேன். எல்லாக் காகிதத்திலும் இதே. அடித்து அடித்து எனக்குச் சலித்துவிட்டது. ஒருநாள் ஆவடி குவாட்டர்ஸ் பையன் ஒருவன் வந்தான். அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அவனுக்கு அடிக்கும்போது, கடுமையாக உழைப்பவன் என்று வருகிற இடத்தில் இன்டிஃபாட்டிகபிள் என்று அடித்தேன். காரணம் ஒன்றுமில்லை. விரல் அரித்தது.

அவனுக்குப் பாடி பக்கம் ஓர் ஆலையில் கிளார்க் வேலை கிடைத்துவிட்டது.

அவன் அம்மா ஒரு தூக்குச்சட்டி நிறையக் கேசரியோடு மாடியேறி வந்தாள். எந்த மெஷினில் அடித்தது என்று கேட்டாள். காட்டினேன். ஆயுத பூஜைக்கு வைப்பதுபோல அந்த மெஷினின் நெற்றியில், அதாவது காகிதம் சுருட்டும் உருளைக்கு மேலே, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பூ சுற்றினாள். அந்தப் பையனுடைய தாய்மாமன் அதே ஆலையில் ஃபோர்மேன் என்பது மாஸ்டருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியாமலா இருக்கும். ஆனால் ஊர் பார்த்தது குங்குமத்தை.

அடுத்த நாளே ஆரம்பித்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாருக்கும் அந்த மெஷின்தான் வேண்டும், அந்த வார்த்தைதான் வேண்டும். முழுதாகச் சொல்ல வராததால் டிகபுள் என்று பேர் வைத்தார்கள். "டிகபுள் போட்டுக் குடு அண்ணாத்தே" என்பார்கள். மற்ற மெஷினில் அடித்துத் தருகிறேன் என்றால் முகம் வாடிவிடும். வேலைக்கு மட்டுமில்லை. ரேஷன் கார்டில் பேர் சேர்க்கிற மனுவில் கேட்டார்கள். தெருக்குழாய் வேண்டும் என்று முனிசிபாலிட்டிக்கு எழுதிய மனுவில், ஓயாத குழாய் ஒன்று வேண்டும் என்கிற மாதிரி அதை நுழைத்தோம். ஒருவர் மகன் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேருக்கு முன்னால் போடச் சொன்னார். மாஸ்டர் முதலில் சிரித்தார். பிறகு அந்த வார்த்தைக்குத் தனிக் கட்டணம் வைத்தார். குங்குமம் அழியாமல் இருக்கும்படி எண்ணெய்த் துணியை அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

இத்தனை பேரில் ஒரே ஒருவர்தான் அர்த்தம் கேட்டார்.

அவர் பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பக்கம் குடியிருந்தவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வலது தோளில் சுமை ஏறி ஏறி ஒரு காய்ப்பு. பாடியில் அந்தப் பையனுக்கு வேலை கிடைத்த அதே ஆலையில் தினக்கூலியாகக் காஸ்டிங் என்கிற வார்ப்பு இரும்புகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். அந்த ஆலை நிற்கிற இடத்தில் முன்பு வயல். அவருடைய அப்பாவும் அம்மாவும் அதில் நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள். நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பணம் கிடைத்தது. நிலத்தில் குனிந்து நிமிர்ந்தவர்களுக்கு எதுவும் கிடையாது. இதைப் புகாராக அவர் சொல்லவில்லை. எந்த மூலையில் கிணறு இருந்தது, இப்போது அங்கே என்ன மெஷின் ஓடுகிறது என்று விவரமாகச் சொன்னார்.

ஆலையில் நான்கு ஹெல்பர் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். நிரந்தர வேலை. நிரந்தரமானவர்களுக்கு நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. டைம் ஆபீஸ் சுவரில் வரிசையாக ஆணியில் தொங்கும். காலையில் எடுத்துக்கொண்டு போய் மாலையில் மாட்டிவிட்டு வர வேண்டும். கூலிக்காரர்களுக்கு அது கிடையாது. மேஸ்திரி கேட்டில் நின்று தலையை எண்ணி உள்ளே விடுவார். இவருக்கு அந்த டோக்கன் வேண்டும். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது இவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அதனால் இதுதான் ஒரே தடவை.

மாடிப்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். நான் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"அந்த வார்த்தைக்கு இன்னா நைனா அர்த்தம்?"

எவ்வளவு வேலை செய்தாலும் ஓயாதவன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். தன்னை ஒரு தராசில் வைத்துப் பார்க்கிறவர் மாதிரி.

"அப்ப போடு. அது நெசந்தான்."

அடித்துக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, தமிழில் கையெழுத்துப் போட்டார்.

சில நாளில் ஒரு செய்தி பரவியது. ஆலையில் ஆள் எடுக்கும் அதிகாரி, வந்த காகிதம் அத்தனையிலும் ஒரே வார்த்தை இருப்பதைப் பார்த்துவிட்டார். நேர்முகத்துக்கு வந்த முதல் ஆளிடம் அந்த வார்த்தையைச் சொல் பார்க்கலாம் என்றிருக்கிறார். அவன் திருதிருவென்று விழிக்க, அறையே சிரித்து, வெளியே அனுப்பிவிட்டார்கள். இவருக்கு இன்னும் முறை வரவில்லை. அன்று சாயங்காலமே என்னைத் தேடி வந்தார். சொல்லிக் கொடு என்றார்.

அவரோடு ஆவடிக்கு ரயிலேறிப் போய், பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடந்துகொண்டே பழகினோம். அவருக்கு அது வாயில் நிற்கவில்லை. பாதியில் சறுக்கிவிடும். எழுதிக் காட்டினேன், அதுவும் பயனில்லை. அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். காஸ்டிங் தூக்குவதற்கு ஒரு முறை உண்டாம். குனிந்து பிடிப்பது ஒன்று, முழங்கால் வரைக்கும் கொண்டுவருவது ஒன்று, தோளுக்கு ஏற்றுவது ஒன்று. இடையில் மூச்சு விடுகிற இடம் இருக்கிறது, அங்கேதான் விட வேண்டும். கரையில் கிடந்த ஒரு கருங்கல்லைக் குனிந்து பிடித்தார். "இன்டி" என்றார். முழங்காலுக்குக் கொண்டுவந்து "ஃபாட்டி" என்றார். தோளில் ஏற்றிவிட்டு, மூச்சை விட்டு, "கபிள்" என்றார். ஒரு பிசிறில்லை. எருமை ஓட்டிக்கொண்டு போனவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இன்னா மாமே, புதுசா மந்திரம் கத்துகினு கீறியா?" என்றார். "வேலைக்கு" என்றார் இவர். இருட்டும் வரை கல்லைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

அவர் முறை வந்த காலையில் நானும் ஆலை கேட் வரைக்கும் போனேன். எதிரே டீக்கடை. கேட்டின் கம்பி வழியாக முற்றம் தெரியும். அவர் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். ஆனால் கேட்டுக்கு வரவில்லை. முற்றத்தின் ஒரு மூலையில் குவிந்து கிடந்த காஸ்டிங்குகளிடம் போனார். சட்டையைக் கழற்றி மடித்து ஒரு டிரம்மின் மேல் வைத்தார். குனிந்தார். ஒன்றைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்புறச் சுவருக்குப் போய் இறக்கினார். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினார்.

காவலாளி உள்ளே விசாரித்துவிட்டு வந்து சொன்னார். இவர் வார்த்தையைச் சுத்தமாகச் சொல்லிவிட்டாராம். அர்த்தமும் சொல்லிவிட்டாராம். அதிகாரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஜன்னல் வழியாகக் குவியலைக் காட்டி, ஓயாதவன் என்றால் அதை அத்தனையும் அந்தப் பக்கம் மாற்று, பார்க்கலாம் என்றாராம். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

"சும்மா தமாசுக்குச் சொன்னாருய்யா" என்றார் காவலாளி. "உன் ஆளு நெசமாவே தூக்கப் பூட்டான்."

நேரம் போகப் போக வெயில் ஏறியது. சாப்பாட்டு மணி அடித்து ஆட்கள் வெளியே வந்து சுவர் நிழலில் உட்கார்ந்தார்கள். அவரைப் பார்த்து ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கேட் வரைக்கும் கேட்டது. "மச்சான், உட்ரு. அந்தாளு துன்னுட்டுத் தூங்கிகினு கீறாரு." "உடமாட்டான்டா, டிகபுள்டா அவன்." சிரித்தார்கள். அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். தூரத்தில் சரியாகத் தெரியவில்லை. குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் குனிந்தார். ஒருவர் போய்க் கையைப் பிடித்து இழுத்தார். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். அதற்கு மேல் சிரிப்பு அவ்வளவாகக் கேட்கவில்லை.

நான் இன்ஸ்டிடியூட்டுக்குத் திரும்பிவிட்டேன். எனக்கு வேலை இருந்தது. குங்குமம் வைத்த மெஷினுக்கு முன்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். காகிதத்தைச் சுருட்டி, வழக்கமான வரிகளை அடித்துக்கொண்டு வந்தேன். அந்த இடம் வந்தது. வலக்கை விரலைத் தூக்கியவன் அப்படியே நிறுத்தி, கடுமையாக உழைப்பவன் என்று பழையபடி அடித்தேன். காத்திருந்தவர் காகிதத்தை எட்டிப் பார்த்து, வார்த்தை நீளமாக இல்லையே என்று மாஸ்டரிடம் முறையிட்டார். மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். இனி அதை அடிக்கப் போவதில்லை என்றேன். ஏன் என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் நேராகச் சொல்ல வராது. அந்த வார்த்தையில் ஓர் ஆள் இருக்கிறார், அவர் இன்னும் வெளியே வரவில்லை என்பது மாதிரி ஏதோ ஒன்று.

"வார்த்தை என்னடா உன் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றார் மாஸ்டர். "அடிக்க முடியாதுன்னா வேற இடம் பார்த்துக்கோ."

அது நியாயமான பேச்சுதான். பையை எடுத்துக்கொண்டேன்.

அப்படித்தான் ஆவடி தாண்டி நடந்துகொண்டிருந்தேன். பருத்திப்பட்டு ஏரி தெரிய ஆரம்பித்தது. வெயில் தாழ்ந்து தண்ணீர் மேல் கிடந்தது. பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினால் அவர். ரயிலில் வந்து ஆவடியில் இறங்கி நடந்து வருகிறார். சலவைச் சட்டை தோளில் கிடந்தது. இரண்டு கையையும் உடம்பில் ஒட்டாமல், ஈரம் காயவைக்கிற மாதிரி விரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, பையோட கெளம்பிகினே?"

பூந்தமல்லி என்றேன். அவர் தலையாட்டினார். கூட நடந்தோம். வேலை என்னாயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். ஆலைச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் குவியல் முழுவதும் எதிர்ப்பக்கம் போய்விட்டது. போய்ச் சொல்லலாம் என்று அறைக்குப் போனால் அதிகாரி இல்லை. மத்தியானமே காரில் போய்விட்டாராம். டைம் ஆபீஸில் நான்கு பேரை எடுத்ததாகக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அங்கிருந்த கிளார்க்கிடம் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இவர் பேர் இல்லை. நான்கு பேருக்கும் உள்ளே ஆள் இருக்கிறது. அதில் ஒருவனுக்கு அந்த வார்த்தை வாயிலேயே நுழையாது.

சொல்லும்போது குரலில் மாற்றம் ஒன்றும் இல்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னார். ஏரிக்கரை வந்ததும் அவர் பழகிய அந்தக் கருங்கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றார். அப்போதுதான் கேட்டேன், ஏன் நிறுத்தவில்லை என்று. எல்லாரும் சொன்னார்களே.

"எப்டி நிறுத்தறது?" என்றார். "அதுல கையெழுத்து போட்டது நானு. நீ அர்த்தம் சொன்ன, நான் நெசம்னு சொன்னேன். நடுவுல குந்திகினா பொய்யாப் பூடும்ல."

அந்த வார்த்தையை நான் எத்தனையோ காகிதத்தில் அடித்திருக்கிறேன். குழாய்க்கு அடித்திருக்கிறேன், மாப்பிள்ளைக்கு அடித்திருக்கிறேன். வாங்கிக்கொண்டு போனவர்கள் அதைத் தாயத்து மாதிரி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். தாயத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டியதும் இல்லை. அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான். ஒரு வார்த்தையை அறிவது என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்கு ஒரு குழப்பம் வந்தது. அதன்பின் நான் படித்த எந்தப் புத்தகமும் அதை முழுதாகத் தீர்த்து வைக்கவில்லை.

இருட்டுவதற்குள் பூந்தமல்லி போய்ச் சேர மாட்டாய், சோறு தின்றுவிட்டுப் போ என்றார். அவர் வீடு கரைக்குக் கீழே, ஓலை வேய்ந்தது. அவர் மனைவி வாசலில் நின்று அவருடைய கைகளைப் பார்த்தாள். டோக்கன் இல்லை என்பதை அவர் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அப்புறம் சோற்றை வைத்துக்கொண்டே, என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

"வேலை வாங்கியாரேன்னு சட்டை போட்டுகினு போனாரு. கெவுருமெண்டு இரும்ப தூக்கிட்டு வந்துகீறாரு. இந்தா, அந்த வார்த்தைய பெசஞ்சு துன்னுங்க ரெண்டு பேரும்."

அது அரசாங்க ஆலை இல்லை, தனியார் ஆலை என்று அவர் திருத்தினார். ரொம்ப முக்கியம் என்றாள். அவருக்கு விரல்கள் மடங்கவில்லை. உருண்டை பிடிக்க முடியாமல் சோற்றை ஒதுக்கி ஒதுக்கித் தின்றார். கருவாட்டுக் குழம்பு. நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது அவர் ஒன்று கேட்டார்.

"ஓயாதவனுக்கு அவ்ளோ நீட்டு வார்த்தை கீதே. ஓஞ்சு போனவனுக்கு இங்கிலீஷ்ல இன்னா?"

யோசித்தேன். புத்தகத்தில் அதற்கு ஈடான நீளத்தில் எதுவும் வந்ததாக நினைவில்லை. துரைகள் யாரும் ஓய்ந்துபோய்ச் சாகவில்லை போலிருக்கிறது. டயர்ட் என்றேன்.

"அவ்ளோதானா? அத்தினிக்கூண்டா?"

அவ்வளவுதான் என்றேன்.

வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். சுலபமாக வந்தது. "சின்னதா இருந்தாத்தான் சொல்ல முடியும்" என்றார். "அந்த நேரத்துல எவன் அவ்ளோ பெருசு தூக்குவான்."

பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். இவர் மாற்றி வைத்த குவியல் இப்போது லாரி திரும்புகிற வழியில் கிடக்கிறது. சாயங்காலம் மேஸ்திரி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாராம். நாளைக் காலையில் அத்தனையும் பழைய மூலைக்குப் போயாக வேண்டும். இவரைக் கூலிக்கு வரச் சொல்லியிருக்கிறார். தனியாக முடியாது, கூட ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்றிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வருகிறேன் என்றேன். லாரிகள் எங்கேயும் போய்விடாது.

காலை ரயிலில் போனோம். கேட்டில் மேஸ்திரி தலையை எண்ணினார். என் தலைக்கு வந்ததும் விரல் நின்றது. புது ஆளா, என்ன தெரியும் என்று கேட்டார். தூக்கத் தெரியும் என்றேன். பல வருஷமாக ஓட்டலிலும் அரிசி ஆலையிலும் தூக்கியவன்தான், பொய்யில்லை. டைம் ஆபீஸ் வழியாகத்தான் போக வேண்டும். சுவரில் டோக்கன்கள் தொங்கின. கடைசி வரிசையில் நான்கு புது ஆணி அடித்திருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

காஸ்டிங்கின் விளிம்புகள் கூர். கையில் சாக்குத் துணி சுற்றிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். எங்கே குனிய வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று சொன்னார். முதலில் சமாளித்தேன். டைப் அடித்த விரல்கள் அவை. சீக்கிரமே பிடி விட ஆரம்பித்தன. அவருக்கும் நேற்றைய வலி இருந்தது. தூக்கும்போது வாயை இறுக்கிக்கொள்வதைப் பார்த்தேன். இரண்டு பேருமே எந்த வார்த்தையும் சொல்லவில்லை. அதிகாரியின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றியது. யாரும் வெளியே பார்க்கவில்லை.

குவியல் பாதிகூடக் குறையவில்லை. ஒன்றை இறக்கிவிட்டு, நிமிர முடியாமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தோளில் ஒன்றோடு என்னைக் கடந்து போனார், இறக்கினார், வெறுங்கையோடு திரும்பி வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"இன்னா நைனா, டயர்ட்டா?"

ஆமாம் என்றேன். அவர் அந்தக் குவியலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். துண்டை உதறி இரும்பின் மேல் போட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நானுந்தான்" என்றார். மேஸ்திரி தூரத்திலிருந்து, எழுந்திருக்கச் சொல்லிக் கையைத் தட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து எழுந்தோம்.